மூன்றாவது இடத்துக்கான ஆட்டம்

ஜூன் 19, புதன்

இன்று பதினாலு பனியன் துவைத்தேன். அதில் ஒன்றுகூட என்னுடையது இல்லை.

பாஸ்கெட்பால் ஆடத்தான் காலேஜில் சீட்டு கொடுத்துச் சென்னைக்குக் கூப்பிட்டார்கள். மாவட்ட ஃபைனலில் எங்கள் ஸ்கூல் போட்ட ஐம்பத்து மூன்று பாயின்டில் நாற்பது நான் போட்டது. அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் என் படத்தோடு ஃப்ளெக்ஸ் இன்னும் நிற்கிறது. அதில் வெள்ளைச்சாமி மாமா தன் மைக் செட் கடையின் பெயரை என் பெயரைவிடப் பெரிதாகப் போட்டுக்கொண்டார், அது வேறு விஷயம். இங்கே வந்தால், சீனியர்களின் பிராக்டிஸ் பனியனை முதல் வருஷப் பிள்ளைகள் துவைக்க வேண்டுமாம்.

யார் போட்ட சட்டம் என்று கேட்டேன். "நாங்களும் தொவச்சவங்கதான்" என்றாள் பிலோமினா. ஃபைனல் இயர், டீம் கேப்டன், ராயபுரத்துக்காரி. எல்லாரும் பிலோ அக்கா என்கிறார்கள். என் பெயர் என்ன என்றாள். பேச்சியம்மாள் என்றேன். பக்கத்தில் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. உள்ளுக்குள் சிரித்திருப்பாள்.

ஜூன் 24, திங்கள்

கோச் பெயர் சற்குணம் சார். பந்தைத் தரையில் தட்டாமலே ஆட வேண்டும் என்று ஒரு பயிற்சி வைத்தார். வாங்கு, கொடு, ஓடு. வேறு ஒன்றும் கிடையாது. எனக்குப் பந்து வந்ததும் கை தானாகத் தட்டியது. இரண்டு பேரைத் தாண்டி உள்ளே போய்ப் போட்டேன், வளையத்தில் உரசாமல் விழுந்தது. யாராவது கை தட்டுவார்கள் என்று பார்த்தேன். சார் விசில் ஊதினார்.

"ஒரு டீமுக்கு எத்தன பேரும்மா?"

"அஞ்சு பேர் சார்."

"மத்த நாலு பேரும் கோலம் போடவா வந்திருக்காங்க? ஒருத்தி தனியா நின்னா அவளுக்குக் கொடு. யாரும் இல்லேன்னா நீ போடு. இங்க அதான் சட்டம்."

பத்து தடவை கோட்டுக்குக் கோடு ஓட வைத்தார். பந்து விழுந்ததற்கு எவராவது தண்டனை கொடுப்பாரா? எங்கள் ஊரில் என் கைக்குப் பந்து வராவிட்டால்தான் மற்ற பிள்ளைகளுக்குத் திட்டு விழும்.

ஜூன் 25

தொடை இரண்டும் கட்டிக்கொண்டது. பனியன் பதினாலு.

ஜூலை 7, ஞாயிறு

அம்மா போன் செய்தாள்.

"வெளையாட விடுறாங்களாத்தா?"

"விடுறாங்கம்மா. நான்தான் மெயின்."

நேற்று ஒரு மேட்சில் தண்ணீர்ப் பாட்டில் தூக்கினேன். மெயினாகத்தான் தூக்கினேன். அதற்குள் மாமா போனைப் பிடுங்கி, "மதுரப் பக்கம் மேட்ச்சு வந்தா ஒரு வார்த்த சொல்லு புள்ள, வண்டி கட்டிட்டு வந்துருவோம்ல" என்றார். சரி மாமா என்றேன். பொய் சொன்னது என் தப்பு இல்லை. உண்மையை வெளியே சொல்ல முடியாதபடி வைத்திருக்கிறார்களே, அவர்கள் தப்பு.

ஜூலை 22, திங்கள்

விடியற்காலை ஐந்து மணிக்குப் பிலோ அக்கா கதவைத் தட்டினாள். "எய்ந்து வா, பந்து எட்த்துப் போடணும்." அவள் தினமும் வலது மூலையில் நின்று போட்டுப் பழகுவாள். விழுந்த பந்தைப் பொறுக்கித் திருப்பி எறிய ஓர் ஆள் வேண்டும். அதற்கு நான் கிடைத்தேன்.

அரை மணி நேரம் பொறுக்கினேன். அப்புறம் என்னைப் போடச் சொல்லிவிட்டு அவள் பொறுக்கினாள். "முழங்கை வெளிய போவுது பாரு. உள்ள வை" என்றாள். ஆறாம் வகுப்பிலிருந்து இந்த முழங்கையை வைத்துத்தான் மாவட்டத்தையே அடித்தேன். இவள் யார் சொல்ல?

மெஸ்ஸில் முட்டை, டீமில் இருக்கும் பன்னிரண்டு பேருக்குத்தான். நான் இன்னும் பன்னிரண்டில் இல்லை. அவள் தன் முட்டையை என் தட்டில் வைத்து, "எனக்கு முட்டன்னாலே ஆவாது" என்றாள். ஞாயிற்றுக்கிழமை இரண்டு ஆம்லெட் தின்றதை நான் பார்த்தேன். பொய்க்காரி. முட்டையை வீணாக்கக் கூடாதே என்று தின்றேன்.

சாயங்காலம் முழங்கையை உள்ளே வைத்துப் போட்டுப் பார்த்தேன். சும்மாதான். பத்துக்கு எட்டு விழுந்தது. காற்று இல்லாத நாள், அதனால் இருக்கும்.

ஆகஸ்ட் 31, சனி

பன்னிரண்டில் சேர்த்துவிட்டார்கள். இன்று ஒரு கிளப் டீமோடு பழக்க ஆட்டம். கடைசி ஏழு நிமிஷம் என்னை இறக்கினார் சார். பதினோரு பாயின்ட் போட்டேன். கடைசிப் பந்தின்போது இரண்டு பக்கமும் சமம். பிலோ அக்கா மூலையில் தனியாகக் கையை நீட்டிக்கொண்டு நின்றாள். தெரிந்தது. எனக்கென்ன கண் அவிந்தா போயிற்று? ஆனால் பந்து என் கையில் இருந்தது. போட்டேன். விழுந்தது. ஜெயித்தோம்.

"மூலையில யாரு நின்னா?" என்றார் சார்.

"பிலோ அக்கா சார்."

"பாத்தியா?"

"பாத்தேன் சார்."

"இருபது."

ஜெயிக்க வைத்தவளுக்கு இருபது ஓட்டம். இந்த ஆளுக்கு என்ன வந்தது? பாதி ஓடும்போது பக்கத்தில் இன்னொரு காலடி கேட்டது. பிலோ அக்கா கூடவே ஓடி வருகிறாள். நீங்கள் எதற்கு ஓடுகிறீர்கள் என்றேன். "கால் மரத்துப் போச்சு, சும்மா ஓட்றேன்" என்றாள். நல்லவள் வேஷம். அவளைக் கழற்றிவிடலாம் என்று வேகத்தைக் கூட்டினேன், அவளும் கூட்டினாள். எனக்குப் பேசுவதற்கு மூச்சு இல்லை, இருந்திருந்தால் நன்றாகக் கேட்டிருப்பேன்.

செப்டம்பர் 14, சனி

என் ரூமில் இருக்கும் நஸ்ரின் இன்று ஒரு கதை சொன்னாள். அவள் இரண்டாம் வருஷம், டீமில் முதல் ஐந்தில் ஆடுகிறவள்.

இந்தக் காலேஜில் ஒரு வழக்கமாம். வருஷத்தின் கடைசிப் போட்டியில் ஃபைனல் இயர் பிள்ளைகள் கட்டாயம் முதல் ஐந்தில் இறங்க வேண்டும். நன்றாக ஆடினாலும் சரி, ஆடாவிட்டாலும் சரி. அது அவர்களுக்குச் செய்யும் மரியாதை. இந்த வருஷம் கடைசிப் போட்டி நவம்பரில் மதுரையில், மாநிலத்துக் கல்லூரிகள் எல்லாம் வரும். ஃபைனல் இயர் என்று இருப்பது பிலோ அக்கா ஒருத்திதான். அவள் ஆடுவது என் இடத்தில்.

"ஒன் எடமா? அது அவங்க எடம்டி" என்றாள் நஸ்ரின்.

யார் நன்றாக ஆடுகிறார்களோ அவர்கள் இடம்.

அதோடு விட்டாளா? பிலோ அக்காவைப் பார்த்த ரயில்வே டீம் கோச் ஒருவர், மாநிலப் போட்டியில் முதல் மூன்று இடத்துக்குள் வந்த டீமில் இருந்தால் வா, வேலைக்குப் பார்க்கலாம் என்றாராம். போன வருஷம் நாலாவது வந்தார்கள். அதற்கு முந்தைய வருஷம் போட்டி நேரத்தில் அவள் அம்மை போட்டுப் படுத்திருந்தாள். அவள் அம்மா எக்ஸ்போர்ட் கம்பெனியில் தையல், இவளுக்குக் கீழே இரண்டு தம்பிகள். நாலாவது வந்தால் வெறுங்கைதான், இந்த வருஷம் விட்டால் அவளுக்கு வேறு வருஷம் கிடையாது.

இதை எல்லாம் என்னிடம் ஏன் சொல்கிறார்கள்? என் வீட்டில் மட்டும் என்ன பாலும் தேனுமா ஓடுகிறது? நான் யாரிடமாவது போய் ஒப்பாரி வைத்தேனா?

அக்டோபர் 6, ஞாயிறு

கோயம்புத்தூர் போட்டி. அரை இறுதியில் இருபத்திரண்டு, ஃபைனலில் பத்தொன்பது, இரண்டும் பாதியில் இறங்கி ஆடிப் போட்டது. பேப்பரில் என் பெயர் வந்திருக்கிறது. "பேச்சியம்மாள்" என்று முழுசாக. இப்போது யாரும் சிரிக்கக் காணோம்.

இனி பனியன் துவைக்க வேண்டாம் என்றார்கள். பிலோ அக்காவுடையதை மட்டும் துவைத்தேன். பழக்கதோஷம்.

நவம்பர் 15, வெள்ளி, மதுரை

நேற்று அரை இறுதியில் தோற்றோம். வழக்கப்படி பிலோ அக்காதான் முதலில் இறங்கினாள். எதிர் டீமின் பெண்கள் அவளைச் சுற்றிச் சுற்றி ஓடினார்கள், அவளால் பிடிக்க முடியவில்லை. என்னை இறக்கும்போது பதினாறு பாயின்ட் பின்னால் இருந்தோம். அதை நாலுக்குக் கொண்டுவந்தேன், அவ்வளவுதான் முடிந்தது. வழக்கமாம், மரியாதையாம். மண்ணாங்கட்டி.

நாளை மூன்றாவது இடத்துக்கான ஆட்டம்.

காலை இட்லிக்கு உட்கார்ந்திருந்தோம். பிலோ அக்கா எழுந்து சார் முன்னால் போய் நின்றாள்.

"சார், நாளிக்கு என்னிய ஸ்டார்ட் பண்ணாதீங்க. பேச்சிய எறக்குங்க."

"வழக்கம்னு ஒண்ணு இருக்குல்லம்மா" என்றார் சார்.

"வழக்கம் எனக்கு வேல வாங்கித் தராது சார். மூணாவது எடம் வாங்கித் தரும்."

யாரும் சாப்பிடவில்லை. சார் தன் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, சரி என்றார்.

எனக்கு உச்சந்தலைக்கு ஏறிவிட்டது. ஐந்து மாதமாக அந்த இடத்தைப் பிடுங்க வேண்டும் என்று நான் நாயாக ஓடுகிறேன். இவள் இட்லிக்கு நடுவே எடுத்துக் கையில் கொடுக்கிறாள். கை கழுவும் இடத்தில் மறித்தேன்.

"எனக்குப் பரிதாபப்பட்டு ஒண்ணும் குடுக்க வேணாம்க்கா."

"ஒன் மேல எவ பரிதாபப்பட்டா?" என்றாள். "என் மேலதான்டி பட்டுக்கினேன். நீ ஆடுனா ஜெயிப்போம், நா ஆடுனா தோப்போம். எனக்கு ஆட்டமா முக்கியம்? தள்ளு, கை கழுவணும்."

தள்ளி நின்றேன். அதற்கும் சேர்த்துக் கோபம் வந்தது.

மாமா போன் செய்தார். வண்டி கட்டிவிட்டார்களாம், இருபது பேர் வருகிறார்கள்.

நவம்பர் 17, ஞாயிறு

நேற்று நடந்ததை நேற்று எழுத முடியவில்லை.

ஊர்க்காரர்கள் ஆட்டம் ஆரம்பிக்கும் முன்பே வந்துவிட்டார்கள். அம்மா நல்ல சேலை கட்டியிருந்தாள். மாமா பெரிய ஸ்பீக்கரையே கொண்டுவந்திருக்கிறார், வாசலில் நிறுத்திவிட்டார்கள். அவர் விடுவாரா, கையில் பிடித்துப் பேசுகிற குழாய் மைக்கைத் துண்டுக்குள் சுற்றி உள்ளே கொண்டுவந்துவிட்டார். "அருப்புக்கோட்டையின் தங்கம், அன்புத் தங்கச்சி மகள் பேச்சியம்மாள்" என்று கோயில் கொடைத் திருவிழாவில் நன்கொடை வாசிக்கிற குரலில் ஆரம்பித்தார். மானம் போனது. பந்து என் கைக்கு வரும்போதெல்லாம் இருபது பேரும் "பேச்சி போடு, பேச்சி போடு" என்று கத்தினார்கள். எதிர் டீமுக்கு வேறு என்ன வேண்டும்? நான் போடப் போகிறேன் என்று மைக்கில் அறிவிப்பு கொடுத்தால் இரண்டு பேர் வந்து என்மேல் ஒட்டிக்கொள்ள மாட்டார்களா?

அப்படியும் இருபத்தாறு போட்டேன். யாராவது தனியாக நின்றால் கொடுக்கவும் செய்தேன். இழுபறியாகவே போனது. முடிய இரண்டு நிமிஷம் இருக்கும்போது நஸ்ரினுக்கு ஐந்தாவது ஃபவுல். அவள் வெளியேற வேண்டும். சார் பெஞ்சைப் பார்த்தார். பிலோ அக்கா மேல்பனியனைக் கழற்றிக்கொண்டு எழுந்தாள்.

"வயசானதயா எறக்குறாங்க" என்று எங்கள் ஊர்க் கூட்டத்திலிருந்து ஒருத்தன் கத்தினான். சிரித்தார்கள். அது அவள் காதில் விழுந்தது. எனக்கு அவள் முகம் தெரிந்தது.

கடைசிப் பந்து. ஒரு பாயின்ட் பின்னால் இருக்கிறோம். பந்து என்னிடம். உள்ளே பாய்ந்தேன். என்னைப் பிடித்த இரண்டு பேரோடு மூன்றாவது ஒருத்தியும் ஓடி வந்தாள். அவள் விட்டுவிட்டு வந்தது பிலோ அக்காவை. வலது மூலையில் அவள் தன்னந்தனியாகக் கையை நீட்டிக்கொண்டு நின்றாள்.

நானே போட்டிருக்கலாம். மூன்று பேர் மேலே விழுந்தாலும் போட்டிருப்பேன், எத்தனையோ தடவை போட்டிருக்கிறேன். ஆனால் ஒருத்தி தனியாக நின்றால் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். சட்டம் என்பதால் கொடுத்தேன். அவள் கையால் அது விழ வேண்டும், அந்தக் கூட்டம் வாயைப் பொத்திக்கொள்ள வேண்டும் என்று எல்லாம் நான் நினைக்கவில்லை. நினைக்க நேரமே இல்லை.

பந்து சரியாக அவள் நெஞ்சுக்கு நேரே போனது. வாங்கினாள், போட்டாள். வளையத்தின் உள்விளிம்பில் ஒரு சுற்றுச் சுற்றி வெளியே வந்துவிட்டது.

அதோடு விசில் ஊதிவிட்டார்கள். நாலாவது இடம்.

அவள் மூலையிலேயே நின்றாள். நான் கிட்டே போனேன். "கரெக்டாத்தான்டி குட்த்த" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். என்னைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் பெஞ்சுக்குப் போனாள்.

அதற்குள் மாமா கோர்ட்டுக்குள் வந்துவிட்டார். கையில் அந்த மைக் வேறு. "கூறுகெட்ட புள்ள, அந்தப் பொண்ணுட்ட போயி எதுக்குக் குடுத்த? நீ போட்ருந்தா விழுந்துருக்கும்ல. வெளங்காத கையில குடுத்து மொத்தத்தையும் கெடுத்துட்டியே."

பிலோ அக்கா பத்தடி தள்ளி ஷூ கழற்றிக்கொண்டிருந்தாள்.

"வாய மூடிட்டு வண்டில ஏறுங்க மாமா" என்றேன்.

"என்ன சொன்ன?"

"ஒங்க கத்தலாலதான் மூணு பேர் எம்மேல வந்து விழுந்தாங்க. ஒங்கள யாரு வரச் சொன்னா? போங்க. எல்லாரையும் கூட்டிட்டுப் போங்க."

எனக்குக் காது குத்தும்போது மடியில் வைத்திருந்தவர். பத்தாம் வகுப்பில் முதல் ஷூ வாங்கிக் கொடுத்தவர். முகம் செத்துப்போய் நின்றார். அம்மா வந்து, அத்தனை பேர் முன்னால், என் கன்னத்தில் ஓர் அறை விட்டாள். "மாமனையா பேசுற?" என்றாள். பேசினேன். இன்னும் பேசுவேன்.

யாரும் அந்தப் பந்து ஏன் வெளியே வந்தது என்று கேட்கவில்லை.

நவம்பர் 18

பிலோ அக்கா காலையில் பந்து போட வரவில்லை. நான் போய் நின்றுவிட்டு வந்தேன்.

நவம்பர் 26, செவ்வாய்

எல்லாரும் என்னிடம் நல்லவிதமாக நடந்துகொள்கிறார்கள். சார் ஓடச் சொல்வதில்லை. நஸ்ரின் என் துணியை மடித்து வைக்கிறாள். பிலோ அக்கா வழியில் பார்த்தால் சாப்பிட்டியா என்கிறாள். சாப்பிட்டேன் என்கிறேன். ஒருத்தராவது என்னைத் திட்டினால் என்ன? நீ போட்டிருந்தால் அவளுக்கு வேலை கிடைத்திருக்கும் என்று ஒருத்தராவது சொல்ல வேண்டாமா? மாமா சொன்னார், அவரை நான் விரட்டிவிட்டேன்.

டிசம்பர் 5, வியாழன்

சார் கூப்பிட்டு அனுப்பினார். மாநில அணிக்கான பயிற்சி முகாமுக்கு என்னை எடுத்திருக்கிறார்கள். முதல் வருஷத்தில் இந்தக் காலேஜில் யாரையும் எடுத்தது இல்லை.

"அந்த இருபத்தாறு பாயின்டா சார்?" என்றேன்.

"அது போட நாலஞ்சு பிள்ளைங்க இருக்காங்கம்மா" என்றார். சிரித்தபடிதான் சொன்னார், சந்தோஷமாக. "கடைசியா ஒரு பாஸ் கொடுத்த பாரு. மூணு பேரு மேல விழறப்ப, அந்த வயசுல, மூலையில நிக்கிறவளப் பாத்துக் குடுத்தியே. தேர்வுக் குழுவுல ஒருத்தர் அந்த ஒண்ணுக்காகத்தான் ஒன் பேர எழுதினாராம்."

தேங்க்ஸ் சார் என்றேன். அந்த அறையில் இருந்த நாற்காலியைத் தூக்கிச் சுவரில் அடிக்க வேண்டும் போல இருந்தது.

டிசம்பர் 6, வெள்ளி

வேறு யார் வாயிலாவது கேட்பதற்குள் நானே சொல்லிவிட வேண்டும் என்று போனேன். பிலோ அக்கா மொட்டை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். முகாமுக்கு எடுத்ததைச் சொன்னேன். "சூப்பர்டி" என்று கன்னத்தைக் கிள்ளினாள். நிஜமாகவே சந்தோஷப்பட்டாள். அத்தோடு திரும்பி வந்திருக்கலாம். எதற்கு எடுத்தார்கள் என்பதையும் சொன்னேன்.

துணியை உதறிக்கொண்டிருந்த கை நின்றது.

"எந்த பாஸ்?"

"அந்தக் கடைசி பாஸ்க்கா."

நனைந்த துண்டை வாளிக்குள் திரும்பப் போட்டாள். "தெனம் அத்தான் பாக்கறேன்டி நானு" என்றாள். "கண்ண மூட்னா அந்தப் பந்து வருது. கையில வாங்கறேன், போட்றேன், வெளிய வர்து. எங்கம்மா எதுவும் கேக்கல. கேக்காமயே பாக்குது. நீ இன்னாடான்னா அத்த வச்சி மாநிலத்துக்கு ஆடப் போற."

"அக்கா, நான்..."

"பேசாத. நீயே போட்டிருக்கக் கூடாதா? எத்தினி தபா என்னிய பாத்தும் குடுக்காம நீயே போட்ட. அன்னிக்குப் பாத்து உனுக்கு எங்கேர்ந்துடி வந்துச்சு புத்தி?" என் தோளைப் பிடித்துத் தள்ளினாள். நான் தண்ணீர்த் தொட்டியில் இடித்துக்கொண்டேன். "போ. என் எதுர்ல நிக்காத. போடி."

போகவில்லை. நின்றேன். அவள் மூச்சு வாங்கும் வரைக்கும் திட்டினாள். ராயபுரத்தில் இருக்கிற அத்தனை வார்த்தையும் வந்தது, இங்கே எழுத முடியாது. தோற்ற அன்று வராத அழுகை அப்போது வந்தது. அவளும் அழுதாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு மீதித் துணியைக் காயப்போட்டாள். கிளிப் எடுத்துக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டாள்.

திங்கட்கிழமை முகாம். போவேன். எல்லாரையும்விட நன்றாக ஆடுவேன். ஒருத்தி தனியாக நின்றால் பார்த்துக் கொடுப்பேன், அதற்குத்தானே எடுத்தார்கள். அந்தப் பந்தை வாங்கிப் போடப்போகிறவள் எவளோ ஒருத்தி. அவள் யார் என்றுகூட இன்னும் தெரியாது, இப்போதே அவள்மேல் பற்றிக்கொண்டு வருகிறது.